இரத்தம் இங்கே, ஆய்வு அங்கே: ஆப்பிரிக்க அறிவியல் ஒன்றுசேர்ந்த வரலாறு



வரலாற்றுத் தாளில் ஆப்பிரிக்கா என்று வந்துவிட்டால் நம் மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடிமை வணிகம், 1884-85 பெர்லின் மாநாடு, காலனியாட்சி, 1960களில் விடுதலை, அப்புறம் வறுமை, உள்நாட்டுப் போர். அதோடு பேனாவை மூடிவிடுவார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த மக்கள் எதைக் கட்டினார்கள் என்று கேட்டால் கைவசம் குறிப்பு இருக்காது. அந்தக் குறையில் ஒரு பகுதியையாவது தீர்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. தன் அறிவியலைத் தானே செய்துகொள்ளவும், உலக அரங்கில் தன் பேச்சு எடுபடவும் ஒரு கண்டத்தின் நாடுகள் எப்படிக் கைகோத்தன என்று பார்க்கப் போகிறோம். கதை ஒரு காய்ச்சலில் தொடங்குகிறது.

தெர்மோஸ் குடுவையில் போன இரத்தம்

1976ஆம் ஆண்டு. அப்போது ஸாயிர் என்று அழைக்கப்பட்ட நாடு, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. அதன் வடபகுதியில் யம்புக்கு என்ற ஊரில் பெல்ஜியக் கன்னியர்கள் நடத்திய மிஷன் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே இனம் தெரியாத ஒரு காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று பார்த்துவரத் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து அனுப்பப்பட்டவர் ழான்-ழாக் முயெம்பே என்ற இளம் காங்கோ மருத்துவர். பெல்ஜியத்தில் வைரஸ் ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு நாடு திரும்பியவர். கையுறைகூட இல்லாமல் நோயாளிகளின் இரத்தத்தை எடுத்தார். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டே இருந்ததைக் கண்டு, இது வழக்கமான காய்ச்சல் இல்லை என்று புரிந்துகொண்டார். சோப்புப் போட்டுக் கைகழுவியதுதான் அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. நோயுற்ற கன்னியர் ஒருவரைத் தம்மோடு கின்ஷாசாவுக்கு அழைத்துவந்தார். அவருடைய இரத்தம் ஒரு தெர்மோஸ் குடுவையில் வைக்கப்பட்டு, பயணிகள் விமானத்தில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போனது.

அந்தக் குடுவையிலிருந்துதான் எபோலா வைரஸ் உலகுக்குத் தெரியவந்தது. அந்தத் தொற்றில் 318 பேர் பாதிக்கப்பட்டு 280 பேர் இறந்தார்கள். எபோலா என்பது அந்தப் பக்கத்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். ஆறு காங்கோவினுடையது, இரத்தம் காங்கோவினுடையது. ஆனால் எபோலாவைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், அடுத்து வந்த பல ஆண்டுகள் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்களின் பெயர்களே சொல்லப்பட்டன. முயெம்பேயின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

இதில் ஒருவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கின்ஷாசாவில் அந்த வைரஸைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடம் அன்று இல்லை. மாதிரி எங்கே ஆராயப்படுகிறதோ அங்கேதான் பெயரும் சேரும், அடுத்த ஆராய்ச்சிக்கான பணமும் சேரும், மருந்து பிறக்கும் வாய்ப்பும் சேரும். மாணவர்களே, காரணம்-விளைவு எழுதும்போது இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது வெறும் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. அடுத்த சம்பவத்தைப் பார்த்தால் புரியும்.

1982ஆம் ஆண்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் லைபீரியாவில் சேகரிக்கப்பட்ட இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, சிலருடைய இரத்தத்தில் எபோலாவை எதிர்க்கும் புரதங்கள் இருந்தன. எனவே லைபீரியாவையும் எபோலா பரவக்கூடிய நாடாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். கட்டுரை ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில் வந்தது. எழுதியவர்களில் லைபீரியர் ஒருவரும் இல்லை. லைபீரிய மருத்துவர்கள் கண்ணில் அது படவேயில்லை.

32 ஆண்டுகள் கழித்து, 2014இல், கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளிலும் எபோலா காட்டுத்தீயாகப் பரவியது. 28,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர், 11,000க்கும் அதிகமானோர் மாண்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் உலகம் முழுக்கச் சொன்னார்கள். 2015இல் லைபீரிய சுகாதாரத் துறையைச் சேர்ந்த மருத்துவர்கள் அந்தப் பழைய கட்டுரையைத் தேடியெடுத்து, எங்களுக்கு எச்சரிக்கை வந்திருந்தது, ஆனால் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்று அமெரிக்க நாளிதழ் ஒன்றில் எழுதினார்கள். அத்தகைய ஒரு கட்டுரையை இணையத்தில் காசு கொடுத்து வாங்க 45 டாலர் ஆகும், அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் ஏறக்குறைய அரைவாரச் சம்பளம் என்றும் அதில் குறிப்பிட்டார்கள்.

இரத்தம் கொடுத்த ஊருக்கு அந்த இரத்தம் என்ன சொன்னது என்று தெரியாமலே போனது. பல்லாயிரம் பேரின் சாவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மூன்று நாடுகளிலும் போரால் சிதைந்த மருத்துவத் துறை, மருத்துவர் பற்றாக்குறை என்று காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் முதல் நோயாளியிலேயே சந்தேகம் வந்திருக்கும் இல்லையா?

லாகோஸ் தப்பியது

அதே 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். லாகோஸ் இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் நகரம். அங்கே எபோலா பரவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருத்துவமனையில் அவரைக் கவனித்த அமேயோ அடதேவோ என்ற மருத்துவர், மேலிடத்திலிருந்து எவ்வளவு நெருக்குதல் வந்தும் அவரை வெளியே விடவில்லை. இரத்த மாதிரி இந்த முறை ஆன்ட்வெர்ப் போகும்வரை காத்திருக்கவில்லை. லாகோஸ் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே சோதனை நடந்தது. ரிடீமர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் ஹப்பி என்ற கேமரூன் நாட்டு விஞ்ஞானி தலைமையில் இயங்கிய குழு அதை உறுதிசெய்தது. அந்தக் குழுவும் திடீரென்று முளைத்தது இல்லை. லாசா காய்ச்சலை ஆராய்வதற்காகப் பல ஆண்டுகளாக நைஜீரியா, சியரா லியோன், செனெகல் நாட்டு ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்த கூட்டுறவு அதற்குப் பின்னால் இருந்தது.

நோய் என்னவென்று உடனே தெரிந்ததால் நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது. 894 பேரைக் கண்டறிந்து, வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள். இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க ஏற்கெனவே அமைத்திருந்த அவசரகால மையமும் அதன் ஆட்களும் இதற்குக் கைகொடுத்தார்கள். நைஜீரியாவில் மொத்தம் 20 பேருக்குத்தான் நோய் வந்தது. 8 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர் அடதேவோ. 2014 அக்டோபர் 20ஆம் நாள் நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

லைபீரியாவையும் லாகோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களை ஒப்பிடச் சொல்லுங்கள். சூழ்நிலைகள் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளூரில் ஓர் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கூட்டுறவு எங்கே தொடங்கியது

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். நாடுகள் சேர்ந்து ஆய்வு நிலையம் நடத்தலாம் என்ற எண்ணம் 2014க்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது.

காலனியாட்சிக் காலத்து இரயில் பாதைகளை வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். சுரங்கத்திலிருந்து நேராகத் துறைமுகத்துக்குப் போகும், அண்டை நாட்டுக்குப் போகாது. கல்வித் தொடர்பும் அதே போக்கில்தான் இருந்தது. செனெகல் பாரிஸைப் பார்த்தது, கென்யா லண்டனைப் பார்த்தது, காங்கோ பிரஸ்ஸல்ஸைப் பார்த்தது. பக்கத்து நாட்டு விஞ்ஞானியைச் சந்திக்க வேண்டுமென்றால் ஐரோப்பாவில் நடக்கும் மாநாட்டில்தான் சந்திக்க முடியும் என்ற நிலை. மொழியும் குறுக்கே நின்றது, ஒருவருக்குப் பிரெஞ்சு, இன்னொருவருக்கு ஆங்கிலம், மற்றொருவருக்குப் போர்ச்சுகீசு.

இந்தப் போக்கை மாற்ற முனைந்தவர்களில் முக்கியமானவர் கென்யாவைச் சேர்ந்த தாமஸ் ஒதியாம்போ. 1931இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்த பூச்சியியல் அறிஞர். ஆப்பிரிக்க விவசாயியின் சோளத்தைத் தின்பதும் ஆப்பிரிக்கர்களின் உடலில் நோயைப் புகுத்துவதும் ஆப்பிரிக்கப் பூச்சிகள். அவற்றைப் பற்றிய அறிவு மட்டும் ஏன் வெளிநாட்டிலிருந்து வந்து போகும் நிபுணர்களிடம் இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. ஒரு நாட்டின் பணத்தில் உலகத் தரமான நிலையம் கட்ட முடியாது, பல நாடுகளுக்கும் பொதுவாக ஒன்றைக் கட்டலாம் என்று வாதாடி, 1970இல் நைரோபியில் பன்னாட்டுப் பூச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் இசிபே. இன்றும் அது இயங்குகிறது.

அந்த மையம் செய்த வேலைகளில் ஒன்றை அறிவியல் ஆசிரியர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். சோளப்பயிரின் தண்டைத் துளைக்கும் புழு கிழக்கு ஆப்பிரிக்க விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி. அதோடு ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களை வேறு. பூச்சி மருந்து வாங்க ஏழை விவசாயியிடம் காசு இல்லை. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தோடும் கென்ய விவசாய ஆய்வாளர்களோடும் சேர்ந்து இசிபே கண்ட வழி தள்ளு-இழு முறை. சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியை நடுவார்கள். அதன் வாடை தாய் அந்துப்பூச்சியை விரட்டும், வேர் ஸ்ட்ரைகாவை அடக்கும், மண்ணில் தழைச்சத்தும் சேரும். வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நடுவார்கள். பூச்சி அதில் மயங்கிப் போய் முட்டையிடும், ஆனால் புழுக்கள் அந்தப் புல்லின் பிசினில் சிக்கிச் சாகும். புல் மாட்டுத் தீவனமாகும். இதை முன்னின்று வளர்த்தவர் இந்தியாவில் பிறந்த சயூர் கான் என்ற விஞ்ஞானி.

பூச்சி என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. மலேசியாவின் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மரம் வந்தது, அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டு கூடவே வரவில்லை. அதனால் தோட்டங்களில் ஆட்களை வைத்து, கையாலேயே மகரந்தத்தைத் தூவ வேண்டியிருந்தது. அந்த வேலை செய்தவர்களில் நம் தோட்டப்புறத் தமிழர்களும் உண்டு, உங்கள் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். கேமரூனில் நடந்த ஆராய்ச்சிக்குப் பிறகு 1981இல் அங்கிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், கைவேலை தேவையில்லாமல் போனது, காய்ப்பும் கூடியது. ஆப்பிரிக்கக் காட்டைப் பற்றிய அறிவுக்கு என்ன விலை என்று மலேசியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒதியாம்போ அதோடு நிற்கவில்லை. பாகிஸ்தானைச் சேர்ந்த நோபல் இயற்பியலாளர் அப்துஸ் சலாம், வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்காக 1983இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஓர் அறிவியல் கழகத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே கூடிய ஆப்பிரிக்க அறிஞர்கள் 1985இல் ஆப்பிரிக்க அறிவியல் கழகத்தை உருவாக்கினார்கள். முதல் தலைவர் ஒதியாம்போ, தலைமையகம் நைரோபி. ஆப்பிரிக்காவின் அறிவியல் கழகம் ஐரோப்பாவில் பிறந்தது வேடிக்கைதான். ஆனால் எல்லாரும் சந்திக்க முடிந்த இடம் அன்று அதுவாக இருந்தது.

அரசுகளும் தம் பங்குக்குப் பேசின. 1980இல் லாகோஸ் செயல்திட்டம், 2002இல் ஆப்பிரிக்க ஒன்றியம், அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக அறிவியல் கொள்கைகள். ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் போதும், இந்த ஆவணங்களில் பலவும் தாளோடு நின்றுவிட்டவை.

தாளோடு நிற்காதவை சில உண்டு. 2003இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே, மூய்சென்பெர்க் கடற்கரையில் பழைய ஓட்டல் கட்டடம் ஒன்றில், நீல் டுரோக் என்ற இயற்பியலாளர் ஆப்பிரிக்கக் கணித அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். பல நாட்டு மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, உண்டு, இரவும் பகலும் கணக்குப் போட்டார்கள். பின்னர் செனெகல், கானா, கேமரூன், ருவாண்டா என்று கிளை விரிந்தது. 2012இல் உலகின் மிகப் பெரிய வானொலித் தொலைநோக்கித் திட்டத்தின் ஒரு பாதியைத் தென்னாப்பிரிக்கா வென்றது, மறுபாதி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. தென்னாப்பிரிக்கா தனியாக நின்று கேட்கவில்லை. கானா, கென்யா, மொரிஷியஸ், நமீபியா உட்பட எட்டு ஆப்பிரிக்க நாடுகள் பங்காளிகளாகச் சேர்ந்து நின்றன. கானாவில், கடலடிக் கம்பிவடம் வந்தபின் பயனற்றுக் கிடந்த 32 மீட்டர் தகவல்தொடர்புத் தட்டு ஒன்றைப் பழுதுபார்த்து 2017இல் தொலைநோக்கியாக்கிவிட்டார்கள். பழைய பொருளைத் தூக்கிப் போட மனம் வராத நம்மவர்களுக்கு இது பிடிக்கும்.

விலையை முதலில் சொன்னவர்கள்

குரல் என்றால் மேடையில் பேசுவது மட்டும் இல்லை. செனெகலிலிருந்து எத்தியோப்பியா வரை 26 நாடுகளைத் தொட்டுச் செல்லும் ஒரு நிலப்பட்டை இருக்கிறது. வறண்ட காற்றுக் காலத்தில் அங்கே மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாக வரும். 1996-97இல் மட்டும் இரண்டரை லட்சம் பேரைத் தாக்கி 25,000 பேரைக் கொன்றது. தடுப்பூசி செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு இதில் இலாபம் இல்லை.

2001இல் உலகச் சுகாதார நிறுவனமும் பாத் என்ற அமைப்பும் இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியபோது, ஆப்பிரிக்க சுகாதாரத் தலைவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் முதலில் சொன்னது விலையை: ஓர் ஊசி 50 அமெரிக்கக் காசுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்களால் எல்லாருக்கும் போட முடியாது. அந்த விலையை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். புனே நகரின் சீரம் நிறுவனம் தயாரிக்க ஒத்துக்கொண்டது. மாலியிலும் காம்பியாவிலும் சோதனைகள் நடந்தன. 2010 டிசம்பரில் புர்க்கினா பாசோவில் ஊசி போடத் தொடங்கினார்கள். அந்த 'ஏ' வகை மூளைக்காய்ச்சல் அந்தப் பட்டையிலிருந்து ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் போய்க் கெஞ்சியிருந்தால் இந்த விலை கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

உண்மை சொன்னதற்குத் தண்டனை

2014 எபோலாவின் பாடத்தால் பிறந்தது ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். 2017 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் கேமரூனைச் சேர்ந்த ஜான் என்கெங்கசாங். கோவிட் வந்தபோது, 2020 பிப்ரவரித் தொடக்கத்தில், சகாராவுக்குத் தெற்கே இரண்டே ஆய்வுக்கூடங்களால்தான் அதைச் சோதிக்க முடிந்தது, ஒன்று செனெகலில், மற்றொன்று தென்னாப்பிரிக்காவில். மையம் உடனே மற்ற நாட்டு ஆய்வாளர்களை டக்காருக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. சில மாதங்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தாங்களே சோதித்தன. அதே ஆண்டு செப்டம்பரில் வைரஸின் மரபணு வரிசையைப் படிக்க 12 ஆய்வுக்கூடங்களை ஒரு வலையமைப்பாக இணைத்தார்கள்.

அதன் பலன் 2021 நவம்பரில் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் சோதனை செய்தவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். வைரஸின் மூன்று இடங்களைத் தேடும் சோதனையில், ஓர் இடம் மட்டும் விடாமல் காணாமல் போயிற்று. வைரஸ் அந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதே நேரத்தில் போட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோவின் குழுவும் விசித்திரமான மரபணு வரிசைகளைப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவில் துலியோ டி ஒலிவேரா தலைமையிலான வலையமைப்பு வரிசைகளைப் படித்தது. நவம்பர் 24ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது. 26ஆம் நாள் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். ஒளிக்காமல், தாமதிக்காமல் உலகத்தை எச்சரித்த அருமையான வேலை.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஓரிரு நாளில் பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தென் ஆப்பிரிக்க வட்டார நாடுகளுக்குக் கதவைச் சாத்தின. நம் மலேசியாவும் சிங்கப்பூரும்கூட அவ்வட்டாரத்தின் ஏழு நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்தன. வேடிக்கை என்னவென்றால், டிசம்பர் தொடக்கத்தில் மலேசியா கண்டறிந்த முதல் ஒமிக்ரான் தொற்று, நவம்பர் 19ஆம் நாளே சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்திருந்த ஒரு பயணியிடம் இருந்தது. நெதர்லாந்திலும் அதே நாளில் எடுத்த மாதிரியில் அந்த வைரஸ் இருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன்பே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. விமானங்கள் நின்றதால், வைரஸை மேலும் ஆராயத் தேவையான வேதிப்பொருள்கள் தென்னாப்பிரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு வந்துசேர்வதே சிக்கலானது. அப்போது நம் அரசுகள் அஞ்சியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த முறை வேறொரு நாடு இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால், உடனே சொல்லலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசிக்காதா? வகுப்பில் விவாதத்துக்கு வைத்துப் பாருங்கள், பொறி பறக்கும்.

கண்டுபிடிக்கத் தெரிந்தது, பேச்சு இன்னும் எடுபடவில்லை. அந்தப் பக்கமும் மெல்ல அசைந்தது. 2023 செப்டம்பரில் புதுடில்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20 அமைப்பின் நிரந்தர உறுப்பினரானது. 2024 ஆகஸ்ட் 13ஆம் நாள் குரங்கம்மைக்காக ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டம் தழுவிய அவசரநிலையை முதன்முறையாக அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது மறுநாள்தான். 2025 மே மாதம் உலக நாடுகள் பெருந்தொற்று உடன்பாட்டை ஏற்றபோது, ஆப்பிரிக்க நாடுகள் ஒரே அணியாக நின்று வற்புறுத்திய ஒரு கொள்கை அதில் இடம்பெற்றது: ஒரு நாடு கிருமி மாதிரியைக் கொடுத்தால், அதிலிருந்து பிறக்கும் மருந்திலும் தடுப்பூசியிலும் பங்கு இருக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது, அதில் பாதியாவது இலவசமாகத் தருவது என்று எழுதினார்கள். எப்படிப் பங்கிடுவது என்ற விவரம் மட்டும் தனி இணைப்பாகப் பேசித் தீர்க்க விடப்பட்டது. பேரத்தில் கடினமான பகுதி அதுதான்.

யம்புக்குவிலிருந்து இரத்தம் எடுத்துவந்த முயெம்பே என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1995இல் கிக்விட் நகரில் எபோலா வந்தபோது, பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். வெளிநாட்டார் அதைச் சரியான சோதனை என்று ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தொற்றில் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்துதான் பின்னாளில் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து எபாங்கா என்ற மருந்து உருவானது. 2018இல் தொடங்கி காங்கோ மண்ணிலேயே, அவரும் தலைமை தாங்கிய சோதனையில் அது தேறியது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. இனி காங்கோவில் எடுக்கும் எபோலா இரத்தம் காங்கோவிலேயே சோதிக்கப்படும் என்று 2019இல் அவர் அறிவித்தார். அதற்கான ஆய்வுக்கூடம் ஜப்பானின் உதவியில் கட்டப்பட்டது.

பணம் யாருடையது

உதவி என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. தேசிய வருமானத்தில் 1 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2006இல் கார்ட்டூமில் ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை, பல நாடுகளில் பாதிகூட இல்லை. மேலே சொன்ன வெற்றிகளைத் திரும்பப் பாருங்கள். மூளைக்காய்ச்சல் திட்டத்துக்குப் பணம் கேட்ஸ் அறக்கட்டளை, மரபணு ஆய்வுகளில் பலவற்றுக்கு அமெரிக்க அரசும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும். கொடுப்பவர் மனம் மாறினால்?

மாறத்தான் செய்தது. எச்.ஐ.வி. தடுப்பூசியை ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே வடிவமைத்துச் சோதிக்க, தென்னாப்பிரிக்காவின் கிளெண்டா கிரே தலைமையில் எட்டு நாடுகள் 2023இல் பிரில்லியண்ட் என்ற கூட்டணியை அமைத்தன. அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் தருவதாக இருந்தது. ஆய்வுக்கூடம் தயார், ஆட்கள் தயார், தடுப்பூசி தயார். 2025 ஜனவரி இறுதியில் முதல் சோதனை தொடங்கும் தறுவாயில் வாஷிங்டனிலிருந்து வேலையை நிறுத்தும்படி உத்தரவு வந்தது.

அதன்பிறகு தென்னாப்பிரிக்க அரசு தன் கருவூலத்திலிருந்து மருத்துவ ஆய்வுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கியது. கேட்ஸும் வெல்கமும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தன. நின்றுபோன அமெரிக்கப் பணம் முழுவதையும் அது ஈடுகட்டவில்லை. எட்டு நாட்டு ஆய்வாளர்களும் கூட்டணியைக் கலைக்கவில்லை. தங்கள் தடுப்பூசிச் சோதனைக்கு வேறு இடங்களில் நிதி தேடிப் போனார்கள்.